ஆளை மாற்றுவதற்கு முன்னால்

தமிழ்நாட்டில் இல்லப் பராமரிப்பு ஏஜென்சி நடத்தும் அனைவருக்கும்:

முதியோருக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் வீட்டோடு இருந்து பணிவிடை செய்ய ஆள் அனுப்பும் தொழில் உங்களுடையது. சென்னை, கோவை, மதுரை என்று பெரிய ஊர்களோடு நிற்காமல் சிறு நகரங்கள் வரை அது பரவியிருப்பதில் வியப்பில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட முதியோர் அறிக்கையின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம். 2031-இல் இது 18.2 விழுக்காடு ஆகும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் குடும்பம் ஓடுகிறது. நீங்கள் அனுப்பும் ஆள் இல்லாவிட்டால், எத்தனையோ வீடுகளில் ஒரு வாய் கஞ்சி ஊட்டுவதற்குக்கூட நாதியில்லை. இதை உணர்ந்தே இந்த மடலை எழுதுகிறேன். பேச வந்தது ஒரே விஷயம்: நீங்கள் அனுப்பிய ஹோம் நர்ஸைப் பற்றியோ அட்டெண்டரைப் பற்றியோ ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால் அதை என்ன செய்கிறீர்கள்?

இந்தத் தொழிலில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கவலைப்படாதீங்க சார், நாளைக்கே வேற ஆள் அனுப்பிடறோம்." விளம்பரத்திலேயே 'இலவச ரீப்ளேஸ்மென்ட்' என்று போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தாளில் அட்வான்ஸ், சர்வீஸ் சார்ஜ், விடுப்பு, மாற்று ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். புகார் கொடுத்தால் யார் கேட்பார்கள், எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்பதற்கு ஒரு வரி இருப்பது அபூர்வம். வாடிக்கையாளரும் அந்த நேரத்துக்குத் திருப்தி அடைந்துவிடுகிறார். ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். புகார் உண்மையாக இருந்தால், பாட்டியின் கையை முறுக்கிய அதே ஆள் நாளை மறுநாள் வேறொரு பாட்டியின் வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. புகார் பொய்யாக இருந்தால், ஒரு பெண் காரணம்கூடச் சொல்லப்படாமல் வேலையிழந்து, அடுத்த வீடு கிடைக்கும்வரை சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆள் மேல் தப்பில்லாமல், வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தில் தப்பிருந்தால், புதிதாகப் போகிறவரும் அதே இடத்தில் தடுக்கி விழுவார். இந்த மூன்றில் எது நடந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது. ஆளை மாற்றுவது தேவைப்படலாம், பல நேரங்களில் உடனே தேவைப்படும். அது புகாரை விசாரித்ததாக ஆகாது என்பதுதான் என் வாதம்.

மிகச் சாதாரணமான ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். "ராத்திரி கூப்பிட்டா எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க." பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியப் பாடத்தின் பழைய பாலபாடம். இரவு 10 மணிக்குத் திருப்பினால் அடுத்து 12, அப்புறம் 2, 4, 6. இடையில் டயப்பர் மாற்ற வேண்டும். விடிந்ததும் பல் துலக்கி, உடம்பு துடைத்து, மூக்குக் குழாயில் கஞ்சி விட்டு, மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்து, துணி அலசி, சாயங்காலம் வரை ஓய்வில்லை. இந்த இரவையும் இந்தப் பகலையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அதற்கு '24 மணி நேர டூட்டி' என்று பெயர் வைத்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் ஓட்டிவிடலாம். ஒரு வாரத்தில் எந்த மனித உடம்பும் பின்னிரவு 2 மணிக்கு அசந்துவிடும். திருப்புவது தவறிப்போகும். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்புத் திட்டு தெரியும். அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அப்போது புகார் வேறு உருவம் எடுத்து வருகிறது: "சரியா கவனிக்கல, புண்ணு வந்திருச்சு." நீங்கள் ஆளை மாற்றுகிறீர்கள். புதிதாக வந்தவருக்கும் அதே 24 மணி நேரம். உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தால், இந்த வீட்டுக்கு இரண்டு பேர் ஷிப்ட் முறையில் வேண்டும், அல்லது இரவில் இரண்டு முறையாவது குடும்பத்தினர் எழ வேண்டும், ஒரு ஏர் பெட் வாங்கியாக வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்தப் புகார் உண்மையில் உங்கள் கட்டண அட்டையைப் பற்றிய புகார். அதனால்தான் அதைக் கேட்பது கசக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி, கசப்பு இன்னும் கூடுதலான புகாருக்கு வருவோம்: அடித்தார், கிள்ளினார், முரட்டுத்தனமாகத் தூக்கினார். கையில் கன்றிப்போன தடத்தைப் போனில் படம் எடுத்து மகள் அனுப்புகிறார். ஏஜென்சி சொல்கிறது, "வயசானவங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா, ஆஸ்பிரின் சாப்பிடறாங்க இல்ல, லேசா பட்டாலே கன்னிப்போகும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. மூப்பில் தோல் மெலிந்து, முன்கையின் மேற்புறத்தில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தாமாகவே வருவதுண்டு. மீதிப் பாதியை அறிய ஆராய்ச்சி உதவுகிறது. கலிஃபோர்னியாவில் லாரா மொஸ்கேடா என்ற முதியோர் மருத்துவரின் குழு 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, தற்செயலாக ஏற்படும் கன்றல் உடம்பில் எங்கெங்கே வருகிறது என்று பதிந்தார்கள். ஏறக்குறைய 90 விழுக்காடு கை கால்களில்தான் இருந்தன. கழுத்திலும் காதிலும் புட்டத்திலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்துக் காயம் எத்தனை நாள் பழையது என்று சொல்ல முடியாது என்பதும் அதில் தெரிந்தது. அதே குழு 2009-இல், துன்புறுத்தப்பட்டது உறுதியான முதியவர்களை ஆராய்ந்தது. அவர்களுடைய கன்றல்கள் பெரியவை; முகத்திலும் முதுகிலும் கூடுதலாகக் காணப்பட்டன. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது வேறொன்று. கன்றல் எப்படி வந்தது என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பேரால் சொல்ல முடிந்தது. நினைவுக் குறைபாடு உள்ளவர்கள் பலரும் அதில் அடக்கம்.

கேட்டால் சொல்கிறார்கள். நாம் கேட்பதில்லை. மகனிடம் கேட்கிறோம், மருமகளிடம் கேட்கிறோம், அட்டெண்டரிடம் கேட்கிறோம். கட்டிலில் இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. டிமென்ஷியா என்று ஒரு சீட்டு இருந்துவிட்டால் அவர் சாட்சியாகவே மதிக்கப்படுவதில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பொருளை எங்கோ வைத்துவிட்டு மறந்து, பக்கத்தில் இருப்பவர் திருடிவிட்டார் என்று நம்புவது டிமென்ஷியாவின் மிகத் தெரிந்த அறிகுறி. வளையலை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு அட்டெண்டரைத் திட்டும் முதியவர்களைப் பற்றி உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஏமாற்ற நினைக்கும் ஒருவருக்கும் இது தெரியும். அவருக்கு இதைவிட வசதியான மறைப்பு கிடைக்காது. ஆகவே நோயைக் காரணம் காட்டி நம்பாமல் விடுவதும் தப்பு, பாட்டி சொன்னார் என்பதற்காக ஒரு பெண்ணைத் திருடியாக்குவதும் தப்பு. ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அரிசி டப்பாவையும் தேட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முதியவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். அறையில் அட்டெண்டரும் இருக்கக்கூடாது, மகனும் இருக்கக்கூடாது. பேச முடியாதவராக இருந்தால், அட்டெண்டர் கட்டிலை நெருங்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனிக்கலாம். உடம்பில் காயம் என்றால் அன்றைக்கே ஒரு மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். போன் படத்தைப் பார்த்து ஏஜென்சி மேலாளர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புகார் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் சொன்னது, அவர் வாயால் என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுத வேண்டும். "பேஷன்ட் வீட்டில் திருப்தி இல்லை" என்று எழுதி வைப்பது பதிவே இல்லை. அதன்பிறகு அந்த ஊழியரிடம், உங்கள் மேல் இன்ன புகார் வந்திருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அவர் பதிலையும் அதே அளவு கவனமாக எழுத வேண்டும். விசாரணை நடக்கும்போது அவரை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைப்பது சரி. அந்த நாள்களின் சம்பளத்தைப் பிடிப்பது சரியில்லை, ஏனென்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. கடைசியில், என்ன கண்டோம், என்ன செய்தோம் என்று இரு தரப்புக்கும் எழுத்தில் ஒரு பதில். குற்றம் என்று தெரிந்தால் காவல் நிலையம். முதியவருக்கு ஆபத்து என்றால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணைக் குடும்பத்துக்கு நீங்களே கொடுக்க வேண்டும்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளில் முதலாவது, "நாங்க சின்ன ஏஜென்சி, ரெண்டு பேர் உட்கார்ந்து போன் எடுக்கறோம், இதுக்கெல்லாம் ஆள் எங்கே?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன எதற்கும் பெரிய அலுவலகம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு போன் எண், கமிஷன் வாங்குவதில் பங்கில்லாத ஒருவர், இவ்வளவு போதும். ஆளை வீட்டுக்கு அனுப்பி அதில் காசு பார்க்கிறவரே அந்த ஆளின் மேலான புகாரை விசாரிப்பதுதான் இப்போதுள்ள பெரிய ஓட்டை. ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புகார் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து அவர்களைக் கூப்பிடலாம். பக்கத்துப் பக்கத்து ஊர் ஏஜென்சிகள் இரண்டு சேர்ந்து, உன் புகாரை நான் பார்க்கிறேன், என் புகாரை நீ பார் என்று மாற்றிக்கொள்ளலாம்.

"எழுதி வைத்தால் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்பும்" என்பது அடுத்தது. இதைச் சட்டம் தெரிந்தவர்கள்கூடச் சொல்வது வருத்தம் தருகிறது. காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று ஒரு குடும்பம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் மனுக் கட்டணம்கூடக் கிடையாது. அங்கே உங்கள் கையில் என்ன இருக்கும்? புகார் வந்த அன்றே நேரில் போனோம், மருத்துவரிடம் காட்டினோம், இருவரையும் கேட்டோம், இன்ன முடிவெடுத்தோம் என்று காட்டும் தாள் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. புகாரே வராத ஏஜென்சி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. வாய் பேச முடியாதவர்களையும் நினைவு தப்பியவர்களையும் கவனித்துக்கொள்ளும் தொழிலில் புகாரே இல்லை என்றால், சொல்வதற்கு வழியில்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாதிப் புகார் வேணும்னே சொல்றது சார். மாசக் கடைசியில காசு கொடுக்காம இருக்கறதுக்கு, வீட்டுல எட்டு பேருக்கும் சேர்த்து சமைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு, திருட்டுப் பட்டம் கட்டறாங்க." இது நடக்கிறது. நடப்பதால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன். பொய்ப் புகார் என்று நிரூபிக்க விசாரணையைத் தவிர வேறு வழி ஏது? எஜமானர் பொருளைப் பணியாள் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. அவ்வளவு கனமான சொல்லை ஒரு பெண்ணின் மேல் வீசிவிட்டு, பையைக் கொட்டச் சொல்லி, சேலை மடிப்பை உதறச் சொல்லி வீட்டார் சோதிக்கிறார்கள். காவல்துறையே சோதிப்பதானாலும் பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டாருக்கோ உங்களுக்கோ அந்த அதிகாரம் அறவே கிடையாது. ஊழியரின் படத்தையும் ஆதார் நகலையும் 'இவரை வைக்காதீர்கள்' என்று வாட்ஸாப் குழுக்களில் சுற்றவிடுவதும் அப்படித்தான். தன் தரப்பைச் சொல்ல அவருக்கு இடமே தராத பட்டியல் அது.

அப்படியானால் ஆபத்தான ஆள் அடுத்த வீட்டுக்குப் போவதை எப்படித் தடுப்பது என்று கேட்பீர்கள். நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் வேலைக்குப் போயிருக்கும் இங்கிலாந்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பராமரிப்பு ஊழியர் ஒருவர் தீங்கு செய்ததற்காக அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அவரைப் பற்றி அரசு அமைப்பு ஒன்றுக்கு நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். நீக்குவதற்குள் அவரே ராஜினாமா செய்துவிட்டாலும் இந்தக் கடமை தீராது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த அமைப்பு அவருடைய விளக்கத்தைக் கேட்கும், பிறகே தடைப் பட்டியலில் சேர்க்கும். பராமரிப்பு நிறுவனங்கள் எல்லாப் புகாரையும் பதிந்து விசாரிக்க வேண்டும் என்பது தனி விதி. அவற்றைக் கண்காணிக்கும் ஆணையம் கேட்டால் 28 நாளுக்குள் புகார்களின் சுருக்கம் தர வேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆளை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்வது அங்கே சட்ட மீறல், அதைத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. இல்லப் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பதிவு, குறைந்தபட்சத் தரம் ஆகியவற்றை அது முன்வைத்தது. நிறைவேறாமலே, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அப்படிப்பட்ட சட்டம் மறுபடி வர வேண்டும் என்று கேட்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் நீங்கள் நிற்க வேண்டும். ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு அதனால் நட்டமில்லை. பெயர்ப்பலகையும் சிம் கார்டும் மட்டும் வைத்துக்கொண்டு ஆள் அனுப்புகிறவர்தான் அஞ்ச வேண்டும்.

புகார் என்றதும் வீட்டிலிருந்து ஊழியரை நோக்கி வருவதை மட்டுமே நினைக்கிறோம். எதிர்த் திசையில் வருவது கதவுக்கு வெளியே கேட்பதே இல்லை. உணவைத் தனித் தட்டில் மிச்சமாகக் கொடுப்பது, படுக்க வராண்டாவைக் காட்டுவது, குளிப்பாட்டும்போது நோயாளியோ வீட்டு ஆண்களோ கை வைப்பது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால் உங்களிடமே உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. உங்கள் ஊழியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வாடிக்கையாளரைப் பற்றி ஓர் ஊழியர் சொன்ன புகாரையும் அதே நோட்டில், அதே கவனத்தோடு எழுதாதவரை, அந்த நோட்டை அவர்கள் தங்களுக்கு எதிரான ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள். கடுமையாக விசாரித்தால் ஆள்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கேட்காமல் தள்ளிவிடப்பட்டவர்கள் இப்போதே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் பேச்சைக் கேட்கும் ஏஜென்சி என்று ஒன்று இருந்தால் அங்கே தங்குவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டார் பலர் இப்போது கேமரா வைத்துவிடுகிறார்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் கவலை புரிகிறது. ஆனால் அந்தக் கேமராவின் முன்னால்தான் தாயின் புடவை மாற்றப்படுகிறது, டயப்பர் அவிழ்க்கப்படுகிறது. அது எங்கே இருக்கிறது என்று முதியவருக்கும் ஊழியருக்கும் தெரிய வேண்டும், துணி மாற்றும் நேரத்தில் மறைக்க வழி வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நீங்கள் சேர்க்கலாம். கேமராப் பதிவு விசாரணையில் உதவும். விசாரணைக்கு அது மாற்றாகாது.

அடுத்த முறை ஒப்பந்தத்தாள் அச்சடிக்கும்போது, மாற்று ஆள் விதிக்கு மேலே புகாருக்கென்று ஒரு பத்தி சேருங்கள். புகார் சொல்ல வேண்டிய எண், கேட்பவரின் பெயர், 24 மணி நேரத்துக்குள் நேரில் வருவோம் என்ற உறுதி, எத்தனை நாளில் எழுத்தில் பதில் தருவோம் என்ற கெடு, உங்கள் பதிலில் நிறைவில்லாவிட்டால் அழைக்க வேண்டிய 14567, நுகர்வோர் உதவி எண் 1915. படுக்கையில் இருப்பவருக்கும் கண் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். ஊழியரை வேலைக்கு அனுப்பும்போது அவர் கையில் கொடுக்கும் தாளிலும் அதே பத்தி இருக்கட்டும். அதில் 14567 இருக்கும் இடத்தில், உங்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரியைப் போடுங்கள்.